பதினைந்து வயதுச் சான்றிதழும் இருபத்திரண்டு வயது வேலையும்

(மாணவர் – இளைஞர் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் முதல் தேதி ஐ.ஐ.டி. வளாகங்களில் இறுதியாண்டு மாணவர்களுக்கான வேலைத் தேர்வு தொடங்குகிறது. அந்த முதல் நாளில் இடம் பிடிப்பதற்கே நிறுவனங்களுக்கிடையில் போட்டி நடக்கிறது. ஆண்டுக்குக் கோடி ரூபாய் சம்பளம் என்று நாளேடுகள் கொட்டை எழுத்தில் வெளியிடும் செய்திகள் பெரும்பாலும் அந்த ஒரு நாளுக்கே உரியவை. பங்கு வணிக நிறுவனங்களும், மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களும், பன்னாட்டு மென்பொருள் நிறுவனங்களும் அன்று வந்து அமர்கின்றன. அவற்றின் கைக்கு நூற்றுக்கணக்கில் தன்விவரக் குறிப்புகள் போய்ச் சேருகின்றன. ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே பக்கம்.

அந்தப் பக்கத்தின் மேற்பகுதியில் ‘கல்விச் சாதனைகள்’ என்றொரு தலைப்பு இருக்கும். நான்காண்டுப் பொறியியல் படிப்பில் மாணவர் என்ன கற்றார், என்ன செய்தார் என்பதெல்லாம் அதற்குக் கீழே வரும். மேலே இருப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடக் காலத்துக் கதை. ஜே.இ.இ. தேர்வில் தரவரிசை எத்தனை, பத்தாம் வகுப்பில் தேசியத் திறனறித் தேர்வில் தேறினாரா, பதினொன்றாம் வகுப்பில் கே.வி.பி.ஒய். ஊக்கத்தொகைக்குத் தேர்வானாரா, ஒலிம்பியாட் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டாரா என்பன அங்கே வரிசையாக நிற்கும். விண்ணப்பிக்கும் இளைஞருக்கு வயது இருபத்தொன்று அல்லது இருபத்திரண்டு. அந்தச் சாதனைகள் அவருடைய பதினைந்து, பதினாறு வயதுக்கு உரியவை. கல்லூரியில் காலெடுத்து வைக்கும் முன்பே முடிந்துபோன ஒன்றைக் கல்லூரி முடித்து வேலைக்கு வருபவரிடம் முதலாளி ஏன் தேடுகிறார்? அதிலிருந்து எதை வாசித்துக்கொள்கிறார்? இன்றைய பேச்சு இந்தக் கேள்வியைப் பற்றியது.

இது சில ஆயிரம் ஐ.ஐ.டி. மாணவர்களின் பிரச்சினைதானே, உழைக்கும் மக்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், நாட்டின் மிக உயர்ந்த ஊதியம் கொண்ட வேலைகளுக்கு ஆள் எடுக்கும் அளவுகோலே மெல்ல மெல்லக் கீழே இறங்கி எல்லோருக்குமான அளவுகோலாகிறது. ‘தகுதி’ என்ற சொல்லுக்கு அங்கே எழுதப்படும் பொருளை வைத்துத்தான் இட ஒதுக்கீட்டுக்கு எதிரான வாதங்களும் கட்டப்படுகின்றன.

முதலாளியின் கண்

முதலாளிகள் தரப்பிலிருந்து சொல்லப்படும் காரணங்கள் எளிமையானவை. பல லட்சம் பேர் எழுதிய தேர்வில் சில நூறு பேரில் ஒருவராக வந்தவர் திறமைசாலியாகத்தான் இருப்பார். கடும் போட்டியைச் சிறு வயதிலேயே தாங்கியவர் வேலை நெருக்கடியையும் தாங்குவார். மேலும், நிறுவனம் செலவு செய்து நடத்த வேண்டிய வடிகட்டலை அரசோ அறிவியல் நிறுவனமோ முன்கூட்டியே இலவசமாக நடத்திக் கொடுத்துவிட்டது. வளாகங்களில் தன்விவரக் குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் சான்று காட்டச் சொல்லிச் சரிபார்க்கும் வழக்கம் உண்டு. ஆகவே அந்தச் சான்றிதழ் நம்பகமானதும்கூட.

வெளியே சொல்லப்படாத காரணம் ஒன்றும் இருக்கிறது. நேர்காணல் நடத்த வருபவர் பல நேரங்களில் அதே வளாகத்தில் படித்து வெளியேறியவர். அவருடைய குறிப்பிலும் ஒரு காலத்தில் அதே வரிகள் இருந்தன. எதிரே இருப்பவரின் தாளில் அந்த வரியைக் கண்டதும் அவர் தம்மையே காண்கிறார். அதைத் திறமையை அடையாளம் காணும் நுட்பம் என்று அவர் மனமார நம்புவார். பொய் சொல்கிறார் என்று கூற முடியாது.

இந்த வாசிப்பு முழுவதும் தவறு என்று சொல்வதும் சரியாகாது. சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்கு இந்தியா 1989 முதல் மாணவர்களை அனுப்பி வருகிறது. இயற்பியலுக்கு 1998 முதலும், வேதியியலுக்கு 1999 முதலும், உயிரியலுக்கு 2000 முதலும் அனுப்புகிறது. மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் அந்தப் பணியை ஒருங்கிணைக்கிறது. கடைசியில் கணிதத்திற்கு ஆறு பேர், இயற்பியலுக்கு ஐந்து பேர், வேதியியலுக்கும் உயிரியலுக்கும் நான்கு நான்கு பேர். இந்தக் கட்டங்களைத் தாண்டிப் பதக்கம் வென்று வரும் பிள்ளைகளின் திறமையை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அவர்கள் இந்நாட்டின் செல்வம்.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு குறிப்பில் அந்த வரி இருப்பதால் முதலாளி பெறும் தகவல் ஓரளவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பக்கத்தில் கிடக்கும் இன்னொரு குறிப்பில் அந்த வரி இல்லாததையும் அவர் ஒரு தகவலாக வாசிக்கிறார். இல்லாதது திறமையின்மைக்குச் சான்றாகிவிடுகிறது. பரீட்சை எழுதித் தோற்றவரும், அப்படியொரு பரீட்சை இருப்பதே தெரியாமல் பள்ளி முடித்தவரும் அந்த வெற்றிடத்தில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

இரண்டு மாணவிகளைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒருவர் புனே நகரத் தனியார் பள்ளியில் படித்தவர். பள்ளியிலேயே ஒலிம்பியாட் வகுப்பு, தேர்வு விண்ணப்பத்தைப் பள்ளியே நிரப்பி அனுப்பும் ஏற்பாடு, வீட்டில் பொறியாளர்களான பெற்றோர். மற்றவர் ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்து அரசுப் பள்ளியில் படித்தவர். அங்கே பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலி. அவர் தாமாகப் படித்து, ஒதுக்கீட்டின் வழியே ஐ.ஐ.டி.க்குள் நுழைந்து, நான்காண்டுகளில் புனே மாணவிக்கு இணையான மதிப்பெண்ணும் எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தொடங்கிய இடத்திலிருந்து அதிக தூரம் நடந்தவர் யார்? தன்விவரக் குறிப்பில் அந்தத் தூரத்தை எழுத இடமில்லை. டிசம்பர் முதல் தேதி இரண்டு தாள்களும் அருகருகே கிடக்கும்போது, நான்காண்டு உழைப்பு சமமாக இருந்தும், ஆறாண்டுகளுக்கு முந்தைய ஒரு வரி முடிவு செய்கிறது.

அடையாளம் யாருக்கு மலிவு?

பொருளியலில் இதற்கு ஒரு கோட்பாடு உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேலைச் சந்தை பற்றிய கட்டுரை ஒன்றை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த ஆய்வே அடிப்படை. வேலைக்கு வருபவரின் உண்மையான திறமை முதலாளிக்குத் தெரியாது, ஆகவே அவர் வெளி அடையாளங்களை நம்புகிறார் என்பது அதன் தொடக்கம். ஓர் அடையாளம் நம்பத்தக்கதாக இருக்க ஒரு நிபந்தனை வேண்டும்: திறமை உள்ளவருக்கு அதைப் பெறும் செலவு குறைவாகவும், இல்லாதவருக்குக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த அடையாளம் இருவரையும் பிரித்துக் காட்டும்.

இந்திய நிலைமையில் அந்த நிபந்தனையைப் பொருத்திப் பார்த்தால் கோட்பாடு தலைகீழாகிறது. இங்கே பள்ளிப் பருவத்து அறிவியல் அடையாளம் மலிவாகக் கிடைப்பது பணமும், ஆங்கிலமும், நகரமும், படித்த குடும்பமும் உள்ளவருக்கு. முதலாளி திறமையை வாசிப்பதாக நினைத்துக்கொண்டு குடும்பத்தின் வசதியை வாசிக்கிறார்.

2025இல் வெளியான ஒன்றிய அரசின் தேசிய மாதிரி ஆய்வைப் பார்த்தால் இது விளங்கும். பள்ளி மாணவர்களில் 27 விழுக்காட்டினர் தனிப்பயிற்சிக்குச் செல்கின்றனர். நகரங்களில் 30.7 விழுக்காடு, கிராமங்களில் 25.5 விழுக்காடு. எண்ணிக்கையில் இடைவெளி சிறிதுதான். செலவில் அது இரு மடங்குக்கு மேலாகிறது. மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவருக்கான சராசரிப் பயிற்சிச் செலவு நகரத்தில் ஆண்டுக்கு 9,950 ரூபாய், கிராமத்தில் 4,548 ரூபாய். இவை சராசரிகள். கோட்டா நகரின் பெரிய பயிற்சி மையங்களில் லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்துவோரும், தெருமுனை வீட்டில் மாதம் சில நூறு ரூபாய்க்குப் படிப்போரும் இந்த ஒரே சராசரிக்குள் அடங்குகிறார்கள்.

கோட்டாவின் பெயரைச் சொன்னதும் அங்கே உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் நினைவு வராமல் இருக்காது. 2023ஆம் ஆண்டில் மட்டும் 20க்கும் மேற்பட்டோர். அதன்பின் 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சட்டமல்ல, வழிகாட்டுதல். ஆறாம் வகுப்பு முதல் ‘அடித்தளப் பயிற்சி’ என்ற பெயரில் பிள்ளை பிடிக்கும் வணிகத்தை அதனால் என்ன செய்துவிட முடியும்? அந்த வகுப்புகளின் விளம்பரத்தில் ஒலிம்பியாடும் திறனறித் தேர்வும்தான் முதலில் நிற்கின்றன.

பொதுக் கதவுகள் மூடப்பட்ட கதை

இந்த அடையாளங்கள் எல்லாம் தொடக்கத்திலிருந்தே வணிகப் பொருள்களாக இருந்தவை அல்ல. தேசியத் திறனறித் தேர்வு 1963இல் டெல்லியில் வெறும் பத்து உதவித்தொகைகளுடன் தொடங்கியது. மறு ஆண்டே நாடு முழுவதற்கும் விரிந்து 350 ஆனது. விடுதலை பெற்ற நாடு தனக்கான அறிவியலாளர்களைத் தானே தேடி வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னே இருந்தது. 1976இல் சமூக அறிவியல் உட்பட மற்றத் துறைகளுக்கும் அது விரிக்கப்பட்டது. பிற்காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 பேர் தேர்வாயினர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு அதில் ஒதுக்கீடு இருந்தது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் மாதம் 1,250 ரூபாய், கல்லூரியில் மாதம் 2,000 ரூபாய். பெரிய தொகையல்ல. ஆனால் ஒரு விவசாயத் தொழிலாளியின் வீட்டில் மகளின் படிப்பை நிறுத்தாமல் வைத்திருக்க மாதம் 1,250 ரூபாய் உதவும். வசதியான வீட்டில் அந்தத் தொகையை யாரும் எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே மதிப்பு சான்றிதழுக்கு மட்டும்தான்.

கே.வி.பி.ஒய். எனப்பட்ட இளம் அறிவியலாளர் ஊக்கத் திட்டம் 1999இல் ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையால் தொடங்கப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் அதை நடத்தியது. அடிப்படை அறிவியலைப் பட்டப்படிப்பாக எடுப்போருக்கு மாதம் 5,000 ரூபாயும், முதுநிலையில் 7,000 ரூபாயும் வழங்கப்பட்டன. இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. அடிப்படை அறிவியல் படித்தால்தான் ஊக்கத்தொகை. தேர்வில் தேறிய பலர் ஐ.ஐ.டி.யில் பொறியியலுக்குப் போனார்கள்; தொகையைப் பெறவில்லை. ஆனால் தேர்வில் தேறியது மட்டும் தன்விவரக் குறிப்பில் ஒரு வரியாக நிலைத்துவிட்டது. ஆய்வுக்கூடத்திற்கு ஆள் சேர்க்க மக்கள் பணத்தில் நடத்தப்பட்ட தேர்வு, பங்கு வணிக நிறுவனத்திற்கு ஆள் சலித்துக் கொடுக்கும் சல்லடையாயிற்று. அதற்காக அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆய்வாளருக்கு உரிய வேலையும் ஊதியமும் இல்லாத நாட்டில் அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அந்தத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடத்தப்பட்டது. வங்காளியிலும், ஒடியாவிலும், மராத்தியிலும், தமிழிலும் அறிவியல் படித்த பிள்ளைகளுக்கு வாசலிலேயே தடை. 2021இல் மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் தோழர் சு.வெங்கடேசன் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இதை எதிர்த்துப் பொதுநல வழக்குத் தொடுத்தார். மாநில மொழிகளிலும் தேர்வு நடத்த வேண்டும் என்பது கோரிக்கை. அந்த ஆண்டு நவம்பரில் நடக்கவிருந்த தேர்வு தள்ளிப்போயிற்று. 2022 மே மாதத்தில்தான் நடந்தது. அதன்பின் அந்தத் திட்டமே ‘இன்ஸ்பயர்’ திட்டத்துடன் இணைக்கப்பட்டுத் தனித் தேர்வு முடிவுக்கு வந்தது. மொழிக் கதவைத் திறக்கச் சொன்னால் வீட்டையே இடித்துவிட்ட கதை.

தேசியத் திறனறித் தேர்வுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். 2021 மார்ச் 31உடன் திட்டத்திற்கான ஒப்புதல் காலம் முடிந்தது. இப்போதைய வடிவில் தொடர ஒப்புதல் இல்லை, மறு உத்தரவு வரும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று ஓர் அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ அறுபதாண்டுத் திட்டம் ஒரு பத்தி அறிவிப்பில் நின்றது. நாடாளுமன்றத்தில் விவாதமில்லை, மாநிலங்களிடம் கலந்தாலோசனை இல்லை. அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பு முடித்த பல அணி மாணவர்கள் அந்தத் தேர்வைக் காணாமலே கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

இதன் விளைவை முதலாளியின் மேசையிலிருந்து பார்க்க வேண்டும். அரசின் சான்றிதழ்கள் குறைகின்றன. ஆனால் ‘பள்ளிப் பருவத்திலேயே அறிவியல் ஆர்வம் காட்டியவரா’ என்று தேடும் பழக்கம் குறையவில்லை. வெற்றிடத்தை நிரப்பப் பணம் கொடுத்து வாங்கும் சான்றிதழ்கள் வருகின்றன: எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நிரல் எழுதப் பயிற்சி, இயந்திர மனிதப் போட்டி, செயற்கை நுண்ணறிவு முகாம், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய கோடை வகுப்பு. அந்தக் கோடை வகுப்புகளில் ஒரு சில உண்மையிலேயே கடும் தேர்வு நடத்தி, கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்பவை. பல, விமானச் செலவும் லட்சக்கணக்கில் கட்டணமும் செலுத்தக்கூடிய எவருக்கும் கதவைத் திறப்பவை. தாளில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். மேலோட்டமாகப் பார்க்கும் மனிதவள அதிகாரிக்கு வேறுபாடு தெரியாது. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் கண்ணில் படும்.

இதற்கு நேர் எதிரான ஓர் அனுபவம் கேரளத்தில் இருக்கிறது. அங்கே ‘கைட்’ என்ற அரசு நிறுவனம் 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்களைத் தொடங்கியது. 2,000க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளில் அவை இயங்குகின்றன. எட்டாம் வகுப்பில் திறனறித் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். கட்டற்ற மென்பொருளில் நிரல் எழுதவும், அசைவூட்டப் படம் செய்யவும், மின்னணுக் கருவிகளை இணைக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். பெற்றோரிடம் லட்சங்கள் கேட்பதில்லை. தனியார் முகாம் கற்றுத் தரும் அதே பாடம்தான், பெரும்பாலும் மலையாளத்தில். ஆனால் மும்பையிலோ குருகிராமிலோ குறிப்பை வாசிப்பவருக்கு ‘லிட்டில் கைட்ஸ்’ என்றால் என்னவென்று தெரியாது. வயநாட்டுப் பழங்குடி மாணவியின் தாளில் அந்தப் பெயர் இருந்தால் அவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். அடையாளத்தின் மதிப்பு பாடத்தில் இல்லை, யார் வீட்டுப் பிள்ளைகள் அதை வைத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஒன்றிய அரசும் தன் பங்குக்கு அடல் புத்தாக்க ஆய்வகங்கள் என்று 10,000 பள்ளிகளில், பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் அமைத்ததைப் பெருமையாகச் சொல்கிறது. நாட்டில் பள்ளிகள் 14 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். 2023–24ஆம் ஆண்டுக்கான அரசின் சொந்தப் புள்ளிவிவரப்படி, இயங்கும் கணினி உள்ள பள்ளிகள் 57.2 விழுக்காடு, இணைய வசதி உள்ளவை 53.9 விழுக்காடு.

பெயரும் தரவரிசையும்

தகுதி என்ற திரைக்குப் பின்னால் சாதியும் மதமும் நிற்பது ஊகமல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெலும் நடத்திய ஆய்வு 2007இல் ‘எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி’ இதழில் வெளிவந்தது. ஆங்கில நாளேடுகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. கல்வித் தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதத்தில், உயர்சாதி இந்துப் பெயருடன் ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கும்தான் இருந்தது.

அதே ஆண்டில் அதே இதழில் சுரீந்தர் ஜோட்காவும் கேத்தரின் நியூமனும் எழுதிய கட்டுரை இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. பெரிய நிறுவனங்களின் 25 மனிதவள மேலாளர்களை அவர்கள் சந்தித்தார்கள். சாதியா, நாங்கள் தகுதியை மட்டும்தான் பார்க்கிறோம் என்ற பதில் வந்தது. நேர்காணலில் என்ன கேட்பீர்கள் என்றால், குடும்பப் பின்னணி என்றும் பதில் வந்தது. தந்தை என்ன செய்கிறார், உடன்பிறந்தோர் என்ன படிக்கிறார்கள், எந்த ஊர்ச் சூழலில் வளர்ந்தவர். தகுதி, குடும்பப் பின்னணி என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் அவர்களுக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை. பள்ளிப் பருவத்துச் சாதனை வரிகள் இந்தக் குடும்பப் பின்னணிக் கேள்வியின் நாகரிகமான வடிவம். கேட்காமலே பதில் கிடைத்துவிடுகிறது.

ஜே.இ.இ. தரவரிசையின் கதை இதைவிட வெளிப்படையானது. எந்தத் தரவரிசைக்கு எந்தப் பாடப்பிரிவு பொதுப் பட்டியலில் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தரவரிசையையும் பாடப்பிரிவையும் சேர்த்துப் பார்த்தால், ஒதுக்கீட்டில் சேர்ந்தவரா என்று கணக்குப் போட்டுவிடலாம். 2023 பிப்ரவரியில் ஐ.ஐ.டி. பம்பாயில் முதலாண்டு தலித் மாணவர் ஒருவரின் மரணம் நாட்டை உலுக்கியது. அதற்குச் சில மாதங்களுக்குப் பின், சக மாணவரிடம் ஜே.இ.இ. தரவரிசையைக் கேட்பது முறையல்ல, அது சாதியை அறியும் முயற்சியாகத் தோன்றலாம் என்று அந்நிறுவனம் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்லது. ஆனால் வேலை கொடுக்க வரும் நிறுவனங்கள் தங்கள் படிவங்களில் அதே தரவரிசையைக் கேட்கின்றன என்று மாணவர்கள் தொடர்ந்து புகார் கூறுகிறார்கள். விடுதி அறையில் கேட்கத் தகாத கேள்வி, வேலைப் படிவத்தில் மட்டும் எப்படித் தகும்?

பெண்களின் நிலையையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐ.ஐ.டி.க்களில் மாணவியர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்ததால்தான் 2018 முதல் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. பதினாறு வயது மகனைத் தொலைதூர நகரத்துப் பயிற்சி விடுதிக்கு அனுப்பத் துணியும் குடும்பம் மகளை அனுப்புவதில்லை. ஆறாண்டு கழித்து அவள் தாளில் அந்த வரி இல்லை. தாளை வாசிப்பது மனிதராக இல்லாமல் கணினியாக இருந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: அமேசான் நிறுவனம் உருவாக்கிய ஆள்தேர்வு மென்பொருள், ‘பெண்கள்’ என்ற சொல் உள்ள குறிப்புகளுக்கு மதிப்பைக் குறைத்ததாக 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. நிறுவனம் அதைக் கைவிட்டிருந்தது. பழைய பாரபட்சத்தைப் பாடமாகப் படித்த கருவி வேறெப்படித் தீர்ப்பளிக்கும்?

கீழ்த்தளத்தில் நிற்பவர்கள்

இதுவரை சொன்னது மேல்தளத்தின் கதை. பொறியியல் பட்டதாரிகளில் பெரும்பான்மையினர் நிற்பது கீழ்த்தளத்தில். பெரிய தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும்போது ஒலிம்பியாட் முகாமையெல்லாம் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு, பிறகு ஓர் இணையவழித் தேர்வு. இதிலும் ஏழு ஆண்டுக்கு முந்தைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் ஒரு வாசற்காப்பாளராக நிற்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு தந்தை இறந்திருக்கலாம், வீடு வெள்ளத்தில் போயிருக்கலாம். 58 விழுக்காடு என்றால் கணினியே விண்ணப்பத்தைத் தள்ளிவிடும். உள்ளே போனவருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் அளவிலான தொடக்க ஊதியம். பத்தாண்டுகளுக்கு மேலாக அது பெரிதாக நகரவில்லை. விலைவாசி மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

ஏன் நகரவில்லை? வெளியே வரிசை நீளமாக இருப்பதால்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கைப்படி, 2022இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 விழுக்காடு. வேலைகள் போதுமான அளவில் இருந்தால் முதலாளி ஆளைத் தேடுவார். வேலைகள் இல்லாதபோது ஆளைக் கழிப்பதற்குக் காரணம் தேடுகிறார். பதினைந்து வயதுச் சான்றிதழ் அந்தக் கழிக்கும் காரணங்களில் ஒன்று. சல்லடைக் கண்கள் ஆண்டுக்காண்டு சிறுத்து வருவதை வைத்துப் பிள்ளைகளின் தரம் குறைந்துவிட்டதாகப் பேசுவது மோசடி.

திறமையை ஊக்குவிக்கவே கூடாதா, எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பதுதான் இடதுசாரிகளின் வேலையா என்ற கேள்வி வழக்கமாக வரும். மாணவர் இயக்கம் கேட்பது இதற்கு நேர் எதிரானது. நிறுத்தப்பட்ட தேசியத் திறனறித் தேர்வை மீண்டும் நடத்த வேண்டும். எட்டாவது அட்டவணையின் எல்லா மொழிகளிலும் நடத்த வேண்டும். உதவித்தொகையைக் குடும்பத்திற்குப் பயன்படும் அளவுக்கு உயர்த்த வேண்டும். அரசுப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் கணித, அறிவியல் ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். ஆசிரியர் இல்லாத வகுப்பறைக்கு எந்தத் திறனறித் தேர்வும் போய்ச் சேராது.

வேலை கொடுப்போர் தரப்பில் செய்ய வேண்டியவையும் திட்டவட்டமானவை. அரசுப் பணத்தில் இயங்கும் கல்வி நிறுவனத்தின் வளாகத்துக்குள் வந்து ஆள் எடுக்கும் எந்த நிறுவனமும் ஜே.இ.இ. தரவரிசையையும் சாதிப் பிரிவையும் படிவத்தில் கேட்பதைத் தடை செய்ய வேண்டும். முதற்கட்டத் தேர்வின்போது பள்ளிப் பருவத்துத் தகவல்களை மறைத்துக் குறிப்புகளை அனுப்புவது வேலைவாய்ப்பு அலுவலகங்களால் நாளையே செய்யக்கூடியது. புதிய சட்டம்கூட வேண்டாம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் முதற்கட்டப் பட்டியலில் வந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதைச் சமூகப் பிரிவு வாரியாக, பெயரின்றி, ஒவ்வொரு கல்வி நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எந்தக் கட்டத்தில் யார் கழிக்கப்படுகிறார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும்.

தனியார் துறையில் இட ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை 2004இலேயே அரசியல் அரங்குக்கு வந்தது. 2006இல் தொழிலதிபர் அமைப்புகள் சட்டம் வேண்டாம், நாங்களே விரும்பிச் செய்கிறோம் என்று நன்னடத்தை விதிகளை அறிவித்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்த விருப்பத்தின் பேரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கை நிறுவனம் வாரியாக நாடாளுமன்றத்தில் வைக்கும்படி ஒன்றிய அரசைக் கேட்க வேண்டிய பணி, அடுத்த டிசம்பர் முதல் தேதிக்கு முன்பே தொடங்கப்பட வேண்டியது.